டார்டன் துணி: குலப்பெயரை விடுங்கள், எடையையும் ஓரக்கரையையும் பாருங்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டார்டன் என்பது ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட துணி. கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை, தைக்கவென்றே வாங்குகிறீர்கள் என்றால் 16 அவுன்ஸ் கம்பளி டார்டன் வாங்குங்கள். கோட்டு, வெயிஸ்ட்கோட், பாவாடை என்று பலவிதமாகத் தைக்கும் எண்ணம் இருந்தால் 13 அவுன்ஸ். 10, 11 அவுன்ஸ் துணி சால்வைக்கும் மெல்லிய பாவாடைக்கும் அருமையாக இருக்கும், கில்ட்டுக்கு ஆகாது. பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி நடனக் குழுக்களுக்கும் சீருடைக்கும் நியாயமான தேர்வு. அக்ரிலிக் வேண்டாம்.

கட்ட வடிவங்கள் பலவும் ஸ்காட்லாந்துக் குலங்களின் பெயரில் விற்கப்படுவதால், இந்தத் துணியை வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் "இது எந்தக் குலத்தோடது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கடைக்காரர்களும் பெயர்ப்பட்டியலைத்தான் முன்னால் நீட்டுகிறார்கள். துணியின் தரத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே பெயரில் நல்ல துணியும் இருக்கிறது, மட்டமான துணியும் இருக்கிறது. காசு கொடுப்பது எடைக்கும் நூலுக்கும் நெசவுக்கும்தான்.

எடை

அவுன்ஸ் கணக்கு என்பது இரட்டை அகலத் துணியில், அதாவது 54 முதல் 60 அங்குல அகலத்தில், ஒரு கெஜ நீளத்தின் எடை. மீட்டருக்கு மாற்றினால் 10 அவுன்ஸ் சுமார் 310 கிராம், 13 அவுன்ஸ் சுமார் 400 கிராம், 16 அவுன்ஸ் சுமார் 500 கிராம். ஸ்காட்லாந்தின் செல்கர்க் ஊரிலுள்ள லொக்கேரன் ஆலை இந்த மூன்றையும் ரீவர், பிரேரியாக், ஸ்ட்ரோம் என்ற பெயர்களில் நெய்கிறது. மற்ற ஆலைகளின் பெயர்கள் வேறு, எடைப் பிரிவு ஏறத்தாழ இதேதான்.

முழு கில்ட்டுக்கு ஒற்றை அகலத்தில் 8 கெஜம் வேண்டும். இரட்டை அகலத்தில் 4 கெஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, சேர்ப்பு ஒரு மடிப்புக்குள் மறையும்படி இணைப்பார்கள். 16 அவுன்ஸில் துணி மட்டுமே சுமார் 1.8 கிலோ வரும். 13 அவுன்ஸில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கனம் சும்மா இல்லை. பின்பக்க மடிப்புகள் நேராகத் தொங்குவதும், நடக்கும்போது ஒன்றாக ஆடி மறுபடி தன் இடத்தில் வந்து நிற்பதும் அந்தக் கனத்தால்தான். 10 அவுன்ஸ் துணியில் தைத்தால் உட்கார்ந்து எழுந்த உடனே பின்பக்கம் குறுக்காகச் சுருக்கம் விழுகிறது, மடிப்பின் முனை மழுங்குகிறது, காற்றில் தூக்குகிறது. எவ்வளவு தேர்ந்த தையல்காரரானாலும் இதைச் சரி செய்ய முடியாது.

நூலையும் கேட்டுவிடுங்கள். கில்ட் துணி வொர்ஸ்டட் நூலில் இருக்க வேண்டும். குட்டை இழைகளைச் சீவி நீக்கி, நீண்ட இழைகளை மட்டும் ஒரே திசையில் அடுக்கி நூற்ற நூல் அது. கோடுகள் கத்தி வெட்டியதுபோல் விழும், மடிப்பு நிற்கும். சீவாத கம்பளி நூலில் பஞ்சுபோல் மேற்பரப்பு எழும்பி, கட்டத்தின் ஓரங்கள் மங்கலாகும். போர்வைக்கும் கழுத்துத் துண்டுக்கும் அந்த மென்மை நன்றாக இருக்கிறது. மடிப்பு வைக்கும் உடைக்கு அது தவறான நூல்.

கட்டம் எப்படி உண்டாகிறது

டார்டனில் பாவிலும் (நீளவாக்கு நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) ஒரே நிறங்கள், ஒரே வரிசையில், ஒரே எண்ணிக்கையில் வரும். நெசவு ட்வில்: ஒவ்வொரு நூலும் இரண்டு நூலுக்கு மேலே, இரண்டு நூலுக்குக் கீழே போகும், அடுத்த வரிசையில் ஒரு நூல் தள்ளித் தொடங்கும். அதனால்தான் துணியை அருகில் பார்த்தால் சாய்வான வரிகள் தெரிகின்றன. சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சந்திக்கும் இடம் முழுச் சிவப்பு. சிவப்பும் கருப்பும் சந்திக்கும் இடம் பாதிப் பாதியாகக் கோடிட்டு, நான்கடி தள்ளி நின்றால் மூன்றாவது நிறமாகத் தெரியும். மூன்று நூல் நிறங்கள் இருந்தால் துணியில் மூன்று தனி நிறமும் மூன்று கலப்பும் சேர்ந்து ஆறு. ஆறு நூல் நிறங்கள் இருந்தால் இருபத்தொன்று. நிறம் கூடக்கூடத் துணி கலங்கிப்போவதற்கு இதுதான் காரணம். சொந்தமாக வடிவமைக்கச் சொல்பவர்களுக்கு நான்கு நிறத்தோடு நிறுத்தும்படி சொல்வோம்.

ஒரு முழுச் சுற்றை ஸ்காட்லாந்து நெசவாளர்கள் செட் என்பார்கள். அதை நூல் எண்ணிக்கையாக எழுதுவதுதான் டார்டனின் உண்மையான அடையாளம். வாலஸ் டார்டனை எடுத்துக்கொள்ளுங்கள்: கருப்பு 2, சிவப்பு 16, கருப்பு 16, மஞ்சள் 2. முதலாவதும் கடைசியும் திரும்புமுனைகள். மஞ்சளை அடைந்ததும் வந்த வழியே திரும்பிக் கருப்பு 16, சிவப்பு 16 என்று போய் மறுபடி கருப்பு 2-ல் தொடங்கும். திரும்புமுனைகளை ஒருமுறைதான் எண்ண வேண்டும். ஆக ஒரு சுற்றுக்கு 68 நூல். ஆலைகள் விகிதம் மாறாமல் இதை இரட்டிப்பார்கள் அல்லது மூன்று மடங்காக்குவார்கள். அங்குலத்துக்கு 40 நூல் உள்ள துணியில் இரண்டு மடங்கு, அதாவது 136 நூல், 3.4 அங்குலச் சுற்றாக விழும். மூன்று மடங்கு 204 நூல், 5.1 அங்குலம். ஒரே பெயரை இரண்டு கடைகளில் வாங்கி ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்க முடியாமல் போவது இதனால்தான். பெயரோடு சுற்றின் அளவையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எல்லாக் கட்டமும் இப்படித் திரும்பி வருவதில்லை. சில டார்டன்களில் நிறவரிசை திரும்பாமல் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் இடமும் வலமும் வேறாக இருக்கும் என்பதால் எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வைத்துத்தான் வெட்ட வேண்டும். துணி கூடுதலாகச் செலவாகும். முதல்முறை தைப்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

துணியின் ஒரு மூலையை 45 பாகையில் மடித்துப் பாருங்கள். பாவுக் கோடுகள் மடிப்பின் விளிம்பில் ஊடைக் கோடுகளோடு நேராகப் போய்ச் சேர வேண்டும். சேராமல் போகப்போக விலகினால் கட்டம் சதுரமாக இல்லை. ஊடையை அதிகமாக அடித்திருப்பார்கள், அல்லது போதாமல் அடித்திருப்பார்கள், இல்லையென்றால் நெய்த பிறகு பதப்படுத்தும்போது துணியை இழுத்துவிட்டிருப்பார்கள். ஒரு சுற்றுக்குள் ஓரிரண்டு மில்லிமீட்டர் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் சாய்வாக வெட்டிச் சேர்க்கும் பாவாடைகளில் கோடுகள் பொருந்தவே பொருந்தாது.

அடுத்து, துண்டின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஒரு சுற்றின் நீளத்தை அளவுநாடாவால் அளந்து பாருங்கள். கில்ட்டில் துணியின் நீளம்தான் இடுப்பைச் சுற்றி வருகிறது. பாவு படுக்கையாகவும் ஊடை செங்குத்தாகவும் இருக்கும். ஒவ்வொரு மடிப்பும் ஒரு முழுச் சுற்றை விழுங்குகிறது. மூன்று இடத்திலும் அளவு ஒன்றாக இல்லையென்றால் வெளியே தெரியும் கட்டத்தைத் தையல்காரர் எப்படியாவது பொருத்திவிடுவார். ஆனால் உள்ளே மறையும் மடிப்பின் ஆழம் ஏறியிறங்கும், பின்பக்கம் ஒரு புறம் கனமாகத் தொங்கும்.

மூன்றாவது சோதனை ஓரக்கரை, அதாவது தறியிலேயே முடிந்து வரும் துணியின் நீள ஓரம். பலர் கவனிக்காமல் விடுவது இது. கில்ட்டின் அடிப்பக்கத்தை மடித்துத் தைக்கக் கூடாது. துணியின் ஓரக்கரையே அடிவிளிம்பாக நிற்கும். ஊடை நூலை இங்குமங்கும் கொண்டுபோகும் நாடா ஓடும் தறியில் நூல் அறுபடாமல் திரும்பி வருவதால் கரை தட்டையாக, துணியின் மற்ற இடத்தைப் போலவே இருக்கும். நாடா இல்லாத நவீனத் தறிகளில் ஒவ்வொரு ஊடையும் ஓரத்தில் வெட்டுப்படுகிறது. அந்த முனைகளை உள்ளே செருகிவிடும்போது கரை தடிக்கிறது, இல்லையென்றால் குஞ்சம்போல் நீட்டிக்கொண்டிருக்கிறது. தடித்த கரை மடிப்புகளின் அடியில் அலையலையாக நெளியும். குஞ்சக் கரையை மடித்துத் தைத்தால் கில்ட்டின் ஆட்டமே போய்விடும். செல்கர்க்கில் 1947-ல் தொடங்கிய டி.சி. டால்கிளீஷ் ஆலை சிறு அளவுகளில், கில்ட்டுக்கென்றே முறையான கரையோடு நெய்துகொடுப்பதில் பெயர் பெற்றது. அரிதான வடிவம் வேண்டுபவர்கள் இப்படிப்பட்ட ஆலையிடம் சொல்லி நெய்வதுதான் சரி.

கடைசியாக ஒரு நூலை உருவிப் பாருங்கள். நெய்த கட்டம் என்றால் ஊடை நூல் முழு நீளத்துக்கும் ஒரே நிறமாக இருக்கும். அச்சடித்த கட்டம் என்றால் நூலில் விட்டுவிட்டு நிறம் தெரியும், துணியின் பின்புறம் வெளுத்திருக்கும். அந்த நூலையே நெருப்பில் காட்டினால் கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக்கும் பாலியெஸ்டரும் உருகிக் கெட்டி மணியாகும். மலிவான கழுத்துத் துண்டுகளில் ஒட்டியிருக்கும் சீட்டை நம்புவதைவிட இந்தச் சோதனையை நம்பலாம்.

பெயர்களின் கதை

பிளெய்ட் என்ற சொல் ஸ்காட்லாந்தில் முதலில் ஒரு பொருளைக் குறித்தது: மேலே போர்த்தி, இடுப்பில் வாரால் கட்டும் பெரிய கம்பளிப் போர்வை. அதில் இருந்த வடிவத்துக்கு டார்டன் என்று பெயர். அமெரிக்கர்கள் போர்வையின் பெயரையே வடிவத்துக்கு வைத்துவிட்டார்கள். இன்று அமெரிக்கக் கடைகளில் பிளெய்ட் என்று விற்பதில் டார்டன், எருமைக் கட்டம், சென்னைக் கட்டம் எல்லாம் அடங்கும். ஸ்காட்லாந்து ஆலையில் அதே சொல்லைச் சொன்னால் போர்வையை எடுத்துக் காட்டுவார்கள்.

வடிவம் மிகப் பழையது. மேற்குச் சீனத்தின் தாரிம் பள்ளத்தாக்கில், சுமார் 3,000 ஆண்டுகள் பழமையான உடல்களோடு கட்டம் போட்ட ட்வில் கம்பளி கிடைத்தது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கங்களிலும் அதைப் போன்ற துணிகள் உப்பில் ஊறிக் கெடாமல் இருந்தன. ஸ்காட்லாந்திலேயே ஃபால்கிர்க்கில் 1933-ல் ரோமானிய வெள்ளிக் காசுகள் நிறைந்த பானையின் வாயை அடைத்திருந்த துணித்துண்டு கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாயம் போடாத, ஆட்டின் இயல்பான வெளிர், கரு நிறங்களால் ஆன எளிய கட்டம் அது. சாயமிட்ட உண்மையான டார்டனில் இப்போது மிகப் பழையதாக ஏற்கப்படுவது கிளென் அஃப்ரிக் பகுதியின் சதுப்பு நிலத்தில் 1980-களில் கிடைத்தது. கரிமச் சோதனை அதை 1500-க்கும் 1600-க்கும் இடைப்பட்டதாகக் காட்டியது. 2023-ல் டண்டீ நகர அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைத்தார்கள்.

ஆக கட்டத்துக்கு வயது அதிகம். குலப்பெயருக்குத்தான் வயது குறைவு. 1746-ல் வந்த பிரிட்டிஷ் சட்டம் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஆண்கள் கில்ட், டார்டன் உடையை அணியக்கூடாது என்று தடுத்தது. முதல்முறைக்கு ஆறு மாதச் சிறை, இரண்டாம் முறைக்கு ஏழாண்டு நாடுகடத்தல். படைவீரர்களுக்கு விலக்கு உண்டு. 1782-ல் தடை நீங்கும்வரை டார்டன் படைப்பிரிவுகளில்தான் தடையின்றி வாழ்ந்தது. கருநீலம், கருப்பு, பச்சை கலந்த, பிளாக் வாட்ச் என்ற படைப்பிரிவின் வடிவம் அரசாங்க டார்டன். அதில் மஞ்சள் கோடு சேர்த்தால் கார்டன், வெள்ளையும் சிவப்பும் சேர்த்தால் மெக்கன்ஸி. இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், படைப்பிரிவுகளைப் பிரித்துக்காட்டப் போட்ட கோடு எப்படிக் குலத்தின் அடையாளமாக ஆனது என்று கண்ணாலேயே புரியும்.

பானக்பர்ன் ஊரின் வில்சன் நிறுவனம் படைகளுக்கும் சந்தைக்கும் நெய்துகொடுத்தது. அவர்களுடைய 1819-ஆம் ஆண்டு நூல்கணக்குப் புத்தகத்தில் 200-க்கும் மேற்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. பல வடிவங்கள் முதலில் வெறும் எண்ணாலோ ஊர்ப்பெயராலோ விற்றுப் பிறகு குலப்பெயர் பெற்றவை. 1815 வாக்கில் லண்டனிலிருந்த மலைநாட்டுச் சங்கம் குலத்தலைவர்களிடம் அவரவர் டார்டன் மாதிரியை அனுப்பச் சொன்னபோது, தன் குலத்து வடிவம் எதுவென்றே தெரியாத தலைவர்களும் இருந்தார்கள். 1822-ல் பிரிட்டனின் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பை முன்னின்று நடத்திய நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் எல்லோரையும் டார்டனில் வரச்சொன்னதும் தேவை பெருகியது. பிறகு 1842-ல், தங்களை ஸ்டூவர்ட் அரச வம்சம் என்று சொல்லிக்கொண்ட சகோதரர்கள் இருவர் 'வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம்' என்ற நூலைப் பழைய கையெழுத்துப் படியிலிருந்து எடுத்ததாக வெளியிட்டார்கள். அது போலி. ஆனாலும் மேலே எண்ணிக் காட்டிய வாலஸ் கட்டம் அந்த நூலில் வந்ததுதான். 1305-ல் கொல்லப்பட்ட ஸ்காட்லாந்து விடுதலை வீரர் வில்லியம் வாலஸுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

இதைச் சொல்வது துணியை மட்டம் தட்டுவதற்காக அல்ல. வாலஸ் கட்டம் அழகானது. மூன்றே நிறத்தில் இவ்வளவு துடிப்பான துணி அபூர்வம். "எங்களுக்கு அந்தக் குலத்தோடு உறவில்லையே" என்று தயங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறோம். அணிவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. வழக்கத்தால் விலக்கப்பட்டவை சில உண்டு, அரச குடும்பத்துக்கான பால்மோரல் டார்டன் போல. நெய்வதற்கு உரிமையாளர் அனுமதி தேவைப்படும் வடிவங்களும் உண்டு. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2009 முதல் இயங்கும் ஸ்காட்லாந்து டார்டன் பதிவேட்டை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். வடிவமைத்தவர், ஆண்டு, கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் அதில் பார்த்துவிட்டு ஆலைக்கு எழுதுங்கள்.

நிறத்தொகுதியின் பெயர்களிலும் ஏமாறக்கூடாது. "மாடர்ன்" என்றால் அடர்ந்த சாயம். "ஏன்ஷியன்ட்" என்றால் தாவரச் சாயம் வெளுத்ததுபோல் தோன்றும் இளநிறம். "வெதர்ட்" என்றால் மண்ணில் புதைந்து கிடந்ததுபோல் பழுப்பும் சாம்பலும். மூன்றும் இன்று செயற்கைச் சாயம் போட்டு நெய்பவைதான், நூல்கணக்கும் ஒன்றேதான். கருநீலமும் கருப்பும் உள்ள வடிவங்களுக்கு ஏன்ஷியன்ட் தொகுதியையே பரிந்துரைப்போம்; மாடர்னில் அவ்விரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்து கட்டமே தெரியாமல் போகிறது.

தைப்பதும் பராமரிப்பதும்

கில்ட்டின் துணிக்கணக்கு இப்படிப் போகும். பின்பக்கம் 20 அங்குலம், வெளியே தெரியும் மடிப்பு முக்கால் அங்குலம் என்றால் சுமார் 27 மடிப்பு. சுற்று 7 அங்குலம் என்றால் மடிப்புகளுக்கே 189 அங்குலம். முன்பக்க இரண்டு மேலடுக்குக்கும் சேர்த்து 65 அங்குலம் வைத்தால் 7 கெஜத்தைத் தாண்டிவிட்டது. ஓரத்து ஆழ்மடிப்பும் வெட்டுச் சேதமும் போக 8 கெஜம் சரியாக இருக்கும். சுற்று 3 அங்குலம்தான் என்றால் ஒரு மடிப்புக்கு இரண்டு சுற்று விழுங்க வைக்கலாம். 5 அங்குலச் சுற்று இடைப்பட்ட அளவு. மடிப்பு ஆழம் குறையும், 6 கெஜத்திலேயே முடியும், ஆட்டமும் குறைவாக இருக்கும்.

சட்டைக்கும் கோட்டுக்கும் வழக்கமான அளவோடு, முதன்மையான ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முழுச் சுற்று கூடுதலாக வாங்குங்கள். பொருத்தத்தை பொத்தான் வரிசையிலும் மார்பு மட்டத்தில் கை சேரும் இடத்திலும் பாருங்கள். கையின் உச்சி வளைவில் கட்டம் பொருந்தாது. அங்கே போராட வேண்டாம். பைக்கும் தோள்பட்டைக்கும் துணியைச் சாய்வாக வெட்டினால் பொருத்தும் தலைவலியே இல்லை. இரட்டை மடியாக வைத்து வெட்டாதீர்கள். கீழ் மடி நகர்ந்தது தெரியாது. ஒற்றை மடியில் ஒரு துண்டை வெட்டி, அதையே கவிழ்த்து வைத்து மற்றதை வெட்டுங்கள்.

கம்பளிக் கில்ட்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. அணிந்தபின் நிழலில் காற்றாட விட்டு, ஈரத்துணி மேலே போட்டு ஆவியில் மடிப்பைத் தேய்த்தால் போதும், அழுக்கானால் உலர்சலவை. பூச்சிதான் பெரிய எதிரி. வியர்வையும் உணவுக் கறையும் உள்ள இடத்தில்தான் அது முதலில் கடிக்கும் என்பதால் சுத்தம் செய்யாமல் பெட்டியில் வைக்காதீர்கள். சென்னை போன்ற ஊர்களில் 16 அவுன்ஸ் உடையாக ஆகாது. அங்கே சால்வையோ சோபா விரிப்போதான் நடைமுறை. சுமார் 65 சதவீதம் பாலியெஸ்டரும் 35 சதவீதம் விஸ்கோஸும் உள்ள துணியை வீட்டிலேயே துவைக்கலாம், மடிப்பும் நிற்கும், பூச்சி தொடாது. கம்பளியின் ஆழமான நிறமும் தொங்கலும் அதில் கிடைக்காது.

சென்னைக் கட்டத்தை டார்டனின் பருத்திப் பதிப்பு என்று விற்பதைப் பார்க்கிறோம். அது சரியல்ல. அது சாதா நெசவு. ட்வில்லின் சாய்வரி இருக்காது, பாவும் ஊடையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சோழமண்டலக் கரையிலிருந்து கட்டம் போட்ட பருத்தித் துணி ஸ்காட்லாந்துப் படைகள் இங்கே வருவதற்கு முன்பே மேற்கு ஆப்பிரிக்காவரை போய்க்கொண்டிருந்தது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை இன்றும் இஞ்சிரி என்ற பெயரில் போற்றுகிறார்கள். வெயில் காலத்துக்குக் கட்டம் வேண்டும் என்பவர்கள் கைத்தறிச் சென்னைக் கட்டத்தை அதற்கே உரிய மதிப்போடு வாங்கலாம். டார்டனின் அளவுகோலை அதற்கு வைக்கக் கூடாது.

ஆர்டர் கொடுக்கும்போது முதலில் மாதிரித் துண்டு கேளுங்கள், குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது அதில் இருக்கட்டும். பகல் வெளிச்சத்திலும் குழல்விளக்கிலும் பாருங்கள். பச்சையும் நீலமும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்காது. தேவையான மொத்தத்தையும் ஒரே சாயத் தொகுப்பிலிருந்து ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். பிறகு அரை மீட்டர் குறைகிறதென்று எழுதினால் வரும் துணியில் சிவப்பு ஒரு சாயல் மாறியிருக்கும். அதை மடிப்புக்குள் மறைக்கலாம், முன்பக்கத்தில் போட முடியாது.